கிராப்போடு வரவும்

குதிரை ஏற்றம் சொல்லிக்கொடுக்கும் டீச்சரிடமிருந்து போனில் வந்த செய்தி ஒரே வரிதான்: 'அடுத்த வகுப்புக்கு கிராப்போடு வரவும்.'

வேறு யாராவது என்றால் அது என்ன என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். பெரிய கத்தரி எதற்குக் கேட்கப்போகிறார்? மீசை அரும்பிய நாளிலிருந்து ஊராருக்குக் கிராப் வெட்டியே சோறு தின்கிறவர். அவரிடம் போய் கிராப்பைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. ஹெல்மெட் தலையில் சரியாகப் பதிய வேண்டும், அதற்கு முடி ஒட்ட இருக்க வேண்டும், நியாயம்தானே என்று காரணத்தையும் அவரே கண்டுபிடித்துக்கொண்டார்.

பெரிய கத்தரி என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். அண்ணனும் தம்பியும் ஒரே சலூனில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்த காலத்தில் அண்ணன் பெரிய கத்தரி, தம்பி சின்னக் கத்தரி. இப்போது ஒரு நாற்காலிக்குத்தான் வேலை. இன்னொன்றில் பழைய பத்திரிகைகள் உட்கார்ந்திருக்கின்றன. தம்பி அதே சாலையில், பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, சொந்தமாகக் கடை போட்டுவிட்டான். சின்னது போன பிறகு பெரியது எதைவிடப் பெரியது என்று யாரும் யோசிக்கவில்லை. பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

பிரிந்த கதை ரொம்பச் சின்னது. அன்றைக்குக் கடையில் நல்ல கூட்டம். தம்பி ஒரு வயசாளிக்கு முடி வெட்டிக்கொண்டே நொடிக்கொரு தரம் போனைப் பார்த்தான். பார்த்த பார்வையில் கத்தரி நுனி அந்த மனிதரின் காது மடலைக் கடித்துவிட்டது. ஒரு பொட்டு ரத்தம். அண்ணன் தோளில் கிடந்த துண்டை உருவித் தம்பியின் பிடரியில் ஒரு விளாசு விளாசினார். துண்டுதானே, வலித்திருக்காது. ஆனால் சத்தம் கடை முழுக்கக் கேட்டது. காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

தம்பி கத்தரியைத் துடைத்து வைத்தான். "என்னன்னு வாயால கேட்டிருக்கலாமேண்ணே" என்றான். படி இறங்கிப் போனவன் போனவன்தான்.

அன்று காலையில் அவன் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். முதல் பிரசவம், நேரமாகும், போனில் சேதி சொல்கிறோம் என்று மாமியார் சொல்லியிருக்கிறாள். கூட்ட நாளில் அண்ணன் ஒண்டியாகத் தவிப்பாரே என்று கடைக்கு வந்திருக்கிறான். போனில் அவன் பார்த்தது அந்தச் சேதி வந்ததா என்றுதான். இதெல்லாம் பெரிய கத்தரிக்கு மறுநாள் மருந்துக்கடைக்காரர் வாயிலாகத் தெரிந்தது. அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள் என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதைச் சொன்ன புண்ணியவானுக்குத் தம்பி இருந்திருக்க மாட்டான்.

பிறந்தது பெண் குழந்தை. இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அது தன்னைப் பெரியப்பா என்று கூப்பிட வேண்டும், தம்பி பழையபடி அண்ணே என்று கூப்பிட வேண்டும். பெரிய கத்தரிக்கு இந்த உலகத்தில் வேண்டியது அவ்வளவுதான். அதற்கு அவர் செய்ததும் இவ்வளவுதான்: தினமும் சாயங்காலம் தம்பி கடை வழியாக நடப்பார். கடை நெருங்க நெருங்க நடை மெதுவாகும். கடை வந்ததும் கழுத்து எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். எதிர்ப்பக்கம் ஒரு மின்சாரப் பெட்டியைத் தவிர எதுவும் கிடையாது. அந்தப் பெட்டியை அவரளவுக்குக் கவனமாகப் பார்த்தவர்கள் மின்வாரியத்தில்கூட இருக்க மாட்டார்கள்.

கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு தம்பியைக் கரையேற்றிவிட்டுப் பார்க்கலாம் என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார். பிறகு கல்யாணம் அவரைத் தள்ளிப்போட்டது. கடை நாட்களில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. லீவு நாள்தான் எமன். காலையில் பால் கடையில் "ஒரு பாக்கெட்" என்று சொல்வதோடு வாய்க்குப் பூட்டு. ஒரு லீவு நாள் முடிந்து மறுநாள் முதல் வாடிக்கையாளரிடம் பேச வாயைத் திறந்தபோது குரல் கரகரத்தது. ஒரு நாள் பேசாததில் தொண்டை துருப்பிடித்துவிட்டதா என்று அவருக்கே பயம் வந்துவிட்டது.

"எதையாச்சும் கத்துக்கங்க. நாலு பேரோட பழகுங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். நாலு பேரோடுதான் நாள் முழுக்கப் பழகுகிறாரே! நீச்சல் என்றால் தண்ணீர் பயம். சதுரங்கம் என்றால் எதிரில் ஒரு ஆள் வேண்டும். குதிரை என்றால் அரசியல் பேச வேண்டாம், விலைவாசி பேச வேண்டாம், பின்பக்கக் கண்ணாடி காட்டி 'போதுமா சார்' என்று கேட்க வேண்டாம். சேர்ந்துவிட்டார்.

இப்போது கிராப். சலூன்காரருக்கு யார் முடி வெட்டுவது? முன்பெல்லாம் மாதக் கடைசியில் கடையை மூடிய பிறகு அண்ணன் தம்பிக்கு வெட்டுவார், தம்பி அண்ணனுக்கு வெட்டுவான். தம்பி போன பிறகு பெரிய கத்தரி வேறொரு கடையின் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி வைத்துக்கொண்டு தனக்குத்தானே வெட்டிக்கொண்டார். கண்ணாடிக்குள் கண்ணாடி, வலது இடதாகும், இடது வலதாகும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முதுகு இருக்கட்டும், பிடரியே தெரியாது. இந்தத் தடவை டீச்சர் சொல்லிவிட்டாரே என்று மிஷினை எடுத்து இன்னும் ஒட்ட இழுத்தார். பின்பக்கம் ஒரு இடம் மேடு, ஒரு இடம் பள்ளம்.

வகுப்பு நாளில் லாயத்துக்குப் போய் ஹெல்மெட்டைக் கழற்றிக் காட்டினார்.

"என்ன சார் இது?" என்றாள் டீச்சர். அவருக்கு மகளாக இருக்கக்கூடிய வயது. ஆனால் அவள் குரலுக்குக் குதிரைகளே நிமிர்ந்து நிற்கும்.

"நீங்கதானேம்மா கிராப்போட வரச் சொன்னீங்க."

டீச்சர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு சேணம் வைக்கும் கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "சார், கிராப்னா குச்சி சார். குதிரைக்குக் குச்சி! சின்னச் சவுக்கு மாதிரி இருக்கும்ல, அது."

பெரிய கத்தரியும் சிரித்தார். சிரித்து முடித்ததும் இதை யாரிடம் சொல்லலாம் என்று மனசு ஆள் தேடியது. இந்தக் கூத்தைக் கேட்டால் தம்பி நாற்காலியிலிருந்து விழுந்து புரண்டு சிரிப்பான். அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

*

குதிரைச் சாமான் விற்கும் கடையில் சுவர் முழுக்கக் குச்சிகள் தொங்கின. கடைக்கார அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "புதுசா கத்துக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"குச்சியைப் பாத்துப் பயப்படுறீங்களே. பழகினவங்க அதைப் பாக்கவே மாட்டாங்க."

அவர் கை முதலில் போனது நீளமான ஒன்றுக்கு. ஒல்லியாக, கறுப்பாக, பிடியில் வெள்ளிப் பூண் போட்டு ராஜாவீட்டுக் குச்சி மாதிரி இருந்தது. லேசாக வீசிப் பார்த்தார். பின்னால் தொங்கிய கடிவாளங்கள் பொலபொலவென்று விழுந்தன.

"பாத்தீங்களா" என்றாள் அந்த அம்மா. கோபப்படவில்லை. "அது ரொம்ப நீளம். கை படிஞ்சவங்களுக்குத்தான் சரி. நீங்க சும்மா கையை அசைச்சாலே நுனி போயிக் குதிரையைத் தொட்டுடும். நீங்க அடிக்கலைன்னு உங்களுக்குத் தெரியும். குதிரைக்கு எப்படித் தெரியும்?"

அடுத்து அவள் எடுத்துக் கொடுத்தது இரண்டடிக்குச் சற்றே கூடுதலாக இருந்தது. வளைத்தால் கொஞ்சம் வளைந்தது, ரொம்பவும் துவளவில்லை. பிடியில் வழுக்காத ரப்பர். பெரிய கத்தரி அதை விரல் மேல் கிடத்திச் சமன் பார்த்தார். புதுக் கத்தரி வாங்கும்போதும் இப்படித்தான் பார்ப்பார். நுனி கனத்தால் மணிக்கட்டு வலிக்கும், பிடி கனத்தால் வேலை நடக்காது. இது அசையாமல் நின்றது.

"கைப்பிடியில இருக்கிற இந்த வாரை மணிக்கட்டுல மாட்டிக்காதீங்க. விழுந்தா குச்சியும் கூடவே வந்து கையை மடக்கிடும். தேவையில்லன்னா வெட்டிடுங்க. நுனியில இந்தத் தோல் நாக்கு அகலமா இருக்கா பாருங்க. சன்னமா இருந்தா சுருக்குன்னு ஏறும். அகலமா இருந்தா சத்தம்தான் பெருசு, வலி கம்மி. முதல்ல உங்க கையிலயே அடிச்சுப் பாத்துக்கங்க. உங்களால தாங்க முடியாததைக் குதிரைக்குக் கொடுக்கக் கூடாது."

உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார். பட்டென்று ஒரு சத்தம். வலி ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சத்தம் அவருக்குத் தெரிந்த சத்தம். துண்டு பிடரியில் பட்ட சத்தம். எத்தனையோ வருஷம் கழித்து, கடிவாள வாசமடிக்கிற ஒரு கடையில், அவருக்கு மறுபடி அத்தனை தலைகளும் நிமிர்ந்து பார்ப்பதுபோல் இருந்தது.

"வலிக்கலைல்ல?" என்றாள் அந்த அம்மா.

"சத்தம்தாம்மா ரொம்ப வலிக்கும்" என்றார் அவர். அவளுக்குப் புரியவில்லை. புரியாததைக் கிளறாத நல்ல மனுஷி, பேசாமல் குச்சியைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

*

அவருக்குக் கொடுத்திருந்த குதிரைக்கு மகாராணி என்று பெயர். பழுப்பு நிறம், அகன்ற முதுகு, யாருக்காகவும் அவசரப்படாத சுபாவம். பல்லக்கில் ஏற வேண்டியது தவறிக் குதிரையாகப் பிறந்துவிட்டது. பிடரி மயிரை யாரோ அரைகுறையாக வெட்டியிருந்தார்கள். தொழில் கண்ணுக்கு அது உறுத்தியது. தன் பிடரியும் அப்படித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பேசாமல் ஏறினார்.

"குச்சி தொடை மேல சாஞ்சு இருக்கட்டும். நுனி பின்னால, கீழ பாத்து. ஆட்டாதீங்க" என்றாள் டீச்சர். "இப்ப நடக்கச் சொல்லுங்க."

மகாராணி நின்ற இடத்திலேயே நின்றது. பெரிய கத்தரிக்குக் குச்சியை எடுக்கவே கை வரவில்லை. வேலியோரம் மற்ற மாணவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கிறார்கள் என்றதும் காது சூடானது. சட்டென்று குச்சியை ஓங்கி ஒன்று போட்டார். கடிவாளத்தைப் பிடித்த கையாலேயே போட்டதால் கடிவாளமும் சேர்ந்து பின்னால் இழுபட்டது. மகாராணி தலையைத் தூக்கி, இரண்டடி பின்னால் நகர்ந்து, காதை மடக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

"இறங்குங்க சார்" என்றாள் டீச்சர்.

இறங்கினார்.

"அடியாத மாடு படியாதுன்னு சொல்லுவாங்கல்லம்மா" என்று முணுமுணுத்தார். தப்பை மறைக்கப் பழமொழி தேடுவதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

"இது மாடு இல்ல. மாட்டுக்கும் அது சரியில்ல." டீச்சர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தபடியே பேசினாள். "நீங்க ரெண்டு தப்புப் பண்ணினீங்க. பின்னால தட்டிப் போங்குறீங்க, முன்னால இழுத்து நில்லுங்குறீங்க. அது எதைக் கேக்கும்? இதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு. நீங்க முதல்ல கேக்கவே இல்ல."

"என்ன கேக்கல?"

"காலால மெதுவா அணைச்சுக் கேக்கணும். அதுக்குப் புரியலைன்னா இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேக்கணும். அப்பவும் நின்னா, கடிவாளத்தை ஒரு கைக்கு மாத்திட்டு, உங்க காலுக்குப் பின்னால ஒரே ஒரு தட்டு. அதுவும் அடி இல்ல சார், 'நான் கேட்டேனே'ன்னு ஞாபகப்படுத்துறது. கேக்காமலே போட்டா அதுக்கு எதுக்குன்னே தெரியாது. வலி மறந்துடும். எதுக்குன்னு தெரியாதது மறக்காது."

பெரிய கத்தரி குதிரையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் திட்டிவிட்டோமோ என்று நினைத்து, "பரவால்ல, எல்லாருக்கும் வர்றதுதான்" என்று குரலைத் தணித்தாள்.

"அது நடக்க ஆரம்பிச்சுட்டா அப்புறம் என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

"உடனே காலைத் தளர்த்திடணும். சும்மா உக்காந்திருக்கணும். அது ஒண்ணுதான் அதுக்கு நாம குடுக்கிற பரிசு. நிறைய பேருக்கு அதுதான் வராது. நடந்த பிறகும் நச்சரிச்சுக்கிட்டே இருப்பாங்க."

மறுபடி ஏறினார். காலால் அணைத்துக் கேட்டார். மகாராணி யோசித்தது. கொஞ்சம் அழுத்திக் கேட்டார். குச்சி தொடை மேலேயே கிடந்தது. மகாராணி ஒரு பெருமூச்சு விட்டு, போனால் போகிறது என்பதுபோல் நடக்கத் தொடங்கியது. அவர் காலைத் தளர்த்தினார். வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது, வெளியே பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் கொஞ்சம் அழுதார்.

*

லாயத்திலிருந்து திரும்பும் வழியில் தம்பி கடை. கடை நெருங்கியதும் வழக்கம்போல் நடை மெதுவானது, வழக்கம்போல் கழுத்து மின்சாரப் பெட்டிப் பக்கம் திரும்பப் பார்த்தது. போ என்றும் சொல்கிறீர்கள், நில் என்றும் சொல்கிறீர்கள் என்று டீச்சர் காதோரம் சொல்வதுபோல் இருந்தது. அவர் கழுத்தைத் திருப்பாமல் பிடித்துக்கொண்டு படியேறினார்.

கடையில் வேறு ஆள் இல்லை. தம்பி நரைக்கத் தொடங்கியிருந்தான், காதோரம். ஜன்னலடியில் முக்காலி போட்டு ஒரு பெண் குழந்தை படம் வரைந்துகொண்டிருந்தது. கண் அப்படியே அவர்கள் அம்மாவின் கண்.

கண்ணாடியில்தான் அண்ணனும் தம்பியும் முதலில் பார்த்துக்கொண்டார்கள்.

"கிராப் வெட்டணும்" என்றார் பெரிய கத்தரி. குரல் லீவு நாள் குரலாகக் கரகரத்தது.

தம்பி நாற்காலியைத் துடைத்தான். "வாங்க. உக்காருங்க."

வாங்க. உக்காருங்க. பிறந்ததிலிருந்து அண்ணே வா, அண்ணே போ என்று பேசின வாய். மரியாதையை வைத்து ஒரு மனிதனை இவ்வளவு தூரத்தில் நிறுத்த முடியும் என்று பெரிய கத்தரிக்கு அன்றுதான் தெரிந்தது. குச்சியைப் பக்கத்துப் பலகையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அப்பா, யாரு இவங்க?" என்றது குழந்தை.

"கஸ்டமர்மா" என்றான் தம்பி.

வெள்ளைத் துணியைப் போர்த்தினான். பின்னால் வந்தவன் அப்படியே நின்றான்.

"யாரு வெட்டினது?"

"நான்தான்."

"ரெண்டு கண்ணாடி வச்சா?"

"ம்."

தம்பி மூக்கால் ஒரு சத்தம் விட்டான். சிரிப்பா சலிப்பா என்று கண்ணாடியில் தெரியவில்லை, அவன் முகம் குனிந்திருந்தது. அவன் கைக் கத்தரி பேச ஆரம்பித்தது. எத்தனை பேர் வெட்டினாலும் அந்தச் சத்தத்தைத் தனியாகக் கண்டுபிடித்துவிடுவார். அந்த வேகத்தைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

மெதுவாகக் கேட்க வேண்டும். அவர் மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு ஏன் போனையே பாத்துக்கிட்டு இருந்த?"

கத்தரி நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"எனக்குத் தெரியும். மறுநாளே தெரியும்" என்றார். "ஆனா நான் உன்கிட்ட கேக்கலையே. கேக்காமத்தானே போட்டேன். இப்பக் கேக்குறேன். என்னடா ஆச்சு, ஏன் போனையே பாத்த?"

தம்பி கத்தரியைக் கையிலேயே வைத்துக்கொண்டு குழந்தைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு குழந்தைக்குக் கேட்காத குரலில் சொன்னான். "பயமா இருந்துச்சு. உள்ள கொண்டுபோயி ரொம்ப நேரமாச்சுன்னாங்க. அதுக்கப்புறம் ஒரு சேதியும் வரல. வெட்டிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். அந்தத் தலை முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

பெரிய கத்தரி போர்வைத் துணிக்குள் தன் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டார்.

வேலை முடியப்போகிற நேரம். கழுத்தில் ஒட்டிய முடியைத் தட்டத் தம்பி பழக்கத்தில் தோள் துண்டை எடுத்து உதறினான். உதறின கை பாதியில் நின்றது. கண்ணாடியில் இருவரும் அந்தத் துண்டைப் பார்த்தார்கள். தம்பி அதை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, வெறும் கையால் அண்ணன் பிடரியைத் துடைத்துவிட்டான். பெரிய கத்தரி நாள் முழுக்க ஊரார் தலையைத் தொடுகிறவர். அவரை ஒரு கை தொட்டு வருஷக்கணக்காகிவிட்டது.

குழந்தை எழுந்து வந்து பலகையிலிருந்த குச்சியை எடுத்து, தோல் நாக்கைத் தன் உள்ளங்கையில் தட்டிப் பார்த்தது. பட். பட்.

"இது என்ன?"

"கிராப்" என்றார் பெரிய கத்தரி.

"கிராப்னா முடிதானே?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அதான் ரெண்டு கண்ணாடி வச்சு..."

பின்னாலிருந்து ஒரு குலுங்கல். தம்பி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான், தோள் ஆடியது. பிறகு பிடரியோரத்தில் இன்னும் ஒரு பிசிறைக் கண்டு கத்தரியை எடுத்தபடி, ஒன்றும் நடக்காததுபோல் சொன்னான்:

"அதைக் கீழ வைம்மா. பெரியப்பாவோடது."

பெரிய கத்தரி திடுக்கிட்டுத் திரும்பினார். தம்பியின் கை அவர் உச்சந்தலையில் வந்து அழுத்தியது.

"ஆடாதண்ணே. கோணப் போகுது."

சொல்ல வேண்டியது அவரிடம் ஒரு வண்டி இருந்தது. தினமும் இந்த வழியாக நடந்தது, பத்திரிகை உட்கார்ந்திருக்கிற நாற்காலி, லீவு நாள், மகாராணி, எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றன. அவர் தலையைக் குனிந்துகொண்டு, சும்மா உட்கார்ந்திருந்தார்.